பார்பரம்மாள் கதைக்கு எவ்வளவு நேரம்

போன மாதம் துறைமுக வேலைத்தளத்தில் புதிதாகச் சேர்ந்த வெடி வேலைக்காரருக்குப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று வைத்தார்கள். ஓய்வு பெற்ற பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு கதிரையில் இருந்தேன். நாலு பேருக்கு முன்னால் பேச வேண்டி வந்தால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பெடுத்த உத்தியோகத்தர் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு விபத்து அறிக்கையை வாசித்தார். "சந்தியாப்பிள்ளை, வெடிக் கங்காணி. வெடிக்காத குழிக்குப் போதிய நேரம் காத்திராமல் அவசரப்பட்டுச் சென்றமையால் மரணம்." பிறகு நிமிர்ந்து, "அவசரக்காரனுக்கு இந்த வேலை சரிவராது. இந்தப் பேரை ஞாபகம் வைச்சிருங்கோ" என்றார்.

எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

சந்தியாப்பிள்ளைக் கங்காணியார் தேத்தண்ணியைக்கூட அவசரமாகக் குடிக்காத மனிதர். அவருக்குக் கீழே இருபது வருடம் வேலை செய்தவன் நான். அன்றைக்கு அவர் எழும்பிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனும் நான். அந்த அறையில் எழும்பி, அது அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன், எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் வாயால் ஏலாததைக் கையால் செய்து பார்க்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சுதந்திரம் கிடைத்து ஒரு வருடத்துக்குள். திருகோணமலைக் கடற்படைத் தளம் அப்போதும் வெள்ளைக்காரரிடம்தான் இருந்தது. இறங்குதுறைக்கும் றோட்டுக்கும் கடலணைக்கும் கல் வேண்டும். சீனக்குடாப் பக்கத்துப் பாறையை வெடிவைத்து உடைப்பது எங்கள் கூட்டத்தின் வேலை. முதல் மூன்று வருடம் தண்ணீர் சுமந்தேன், உளி பிடித்தேன், சம்மட்டி அடித்தேன். கை காய்த்தது, ஒரு காது மந்தமானது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

நாலாம் வருடம் கங்காணியார் என்னை வெடிமருந்துப் பக்கம் எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ கதைக்கமாட்டாய். மருந்துக்குக் கதைகாரன் கூடாது" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்த வாய் திறக்காத குணத்தைப் பற்றி இனி நான் எழுதப்போவதை நினைத்தால், அதை நல்ல வார்த்தை என்று சொல்லவும் கை வரவில்லை.

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். குழி ஒன்று இடுப்பளவு ஆழம் வந்ததும் தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய தடியில் துணி சுற்றி ஈரத்தை ஒற்றி எடுப்பார். தடியை வெளியே எடுத்துத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் திரும்பவும் ஒற்றுவார். மருந்துக் கட்டை மரத்தடியால்தான் இறக்க வேண்டும், இரும்பு கிட்டவும் வரக்கூடாது. மேலே களிமண் வைத்து அடைப்பார். திரிச்சுருள் புதிதாக வந்தால் அதில் ஒரு முழம் வெட்டித் தரையில் வைத்துக் கொளுத்திவிட்டு, பக்கத்தில் குந்தி மங்கள வார்த்தைச் செபம் சொல்லுவார். ஒரு முழம் எரிந்து முடிய நாலு மங்கள வார்த்தை. ஐந்தாவது தொடங்கிவிட்டால் அந்தச் சுருள் ஈரப்பட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார். களஞ்சியக்காரர் சத்தம் போடுவார். இவர் பதில் சொல்லமாட்டார், சுருளை வைத்துவிட்டு வருவார்.

கொளுத்திய பிறகு ஓடக் கூடாது, நடக்க வேண்டும். வெடிகளை எண்ண வேண்டும். "எத்தனை?" என்று அவர் கேட்டால், கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் இருந்த திரியாய் ஊர்க் கணபதிப்பிள்ளை, "பதினொண்டு கேட்டமாதிரி இருந்தது" என்றான்.

"மாதிரி எண்டது ஒரு எண்ணிக்கையோ?"

"பதினொண்டுதான் கங்காணியார். ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்."

"நீ ரெண்டு கேட்டனியோ, ஒண்டு கேட்டனியோ?"

"ஒண்டு."

"அப்ப பத்து. காணாததைக் கண்டனெண்டு சொல்லாதை, கணபதி. அந்தப் பொய்க்கு மேலதான் நாளைக்கு நீ கால் வைப்பாய்."

கணக்கில் ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு குழி வெடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த வேலையில் அதைவிடப் பயங்கரம் இல்லை. திரி செத்துப்போயிருக்கலாம். உள்ளே கனன்றுகொண்டு கிடந்து, போய்க் குனிகிற நேரத்தில் வெடிக்கவும் கூடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரேமாதிரித்தான் கிடக்கும்.

அப்படிப்பட்ட நேரத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் பெரிய பாறைக்குப் பின்னால் வந்து குந்த வேண்டும். கங்காணியார் நடுவில் இருந்து அர்ச்சியசிஷ்ட பார்பரம்மாள் என்ற புனிதவதியின் கதையைச் சொல்லுவார். வெடி வேலைக்காரருக்கும் பீரங்கிக்காரருக்கும் பாதுகாவல் அந்த அம்மாள்தான். கதை முடிகிறவரைக்கும் ஒருவரும் எழும்பக் கூடாது. கதை முடிந்ததும் கங்காணியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தனியாக எழும்பி, குழியைப் பார்க்கப் போவார். அவருக்கு முந்திய கங்காணி அப்படிச் செய்தார், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். காரியாலயத்தில் இங்கிலீசில் ஒரு பலகை தொங்கியது. அதை எங்களில் ஒருவரும் வாசித்ததில்லை.

கதை எங்கள் எல்லோருக்கும் பாடம். பார்பரம்மாளின் தகப்பன் பெரிய பணக்காரன், விக்கிரகங்களைக் கும்பிடுகிறவன். மகளின் அழகை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று உயரமான கோபுரம் ஒன்று கட்டி அவளை உள்ளே வைத்துப் பூட்டினான். அங்கே இருந்து அவள் இரகசியமாய்க் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டாள். தகப்பன் தூரதேசம் போயிருந்த நேரம், இரண்டு யன்னல் வைக்கச் சொல்லியிருந்த இடத்தில் மேசன்மாரைக் கூப்பிட்டு, பரிசுத்த திரித்துவத்துக்காக மூன்றாம் யன்னல் ஒன்றும் வைக்கச் சொன்னாள். தகப்பன் திரும்பி வந்து காரணம் கேட்டு, உண்மை தெரிந்து, வாளை உருவிக்கொண்டு துரத்தினான். ஓடின அவளுக்கு முன்னால் பாறை ஒன்று குறுக்கே நின்றது. அந்தப் பாறை தானாகப் பிளந்து அவளை உள்ளே எடுத்து, மலையுச்சியில் கொண்டுபோய் விட்டது.

இந்த இடத்தில் மீரா காக்கா ஒருநாளும் சும்மா இருக்கமாட்டார். மீராசாகிபு கிண்ணியா முஸ்லிம் ஆள், அதனால் அண்ணன் முறைக்குக் காக்கா; சம்மட்டி அடிப்பதில் எங்கள் கூட்டத்தில் முதல் ஆள். வேதக்காரரான எங்களைவிட அவருக்குத்தான் கதை நல்ல பாடம்.

"பாத்தியளா, அந்தப் புள்ளைக்கு உளியும் தேவைப்படயில்ல, மருந்தும் தேவைப்படயில்ல. எங்களுக்கெண்டா இந்தப் பாறை ஒரு விரக்கடை திறக்க நாலு பேர்ட தோள்மூட்டு கழண்டு விழுகுது."

"அது விசுவாசம், மீரா" என்பார் கங்காணியார்.

"அப்ப எனக்கும் கொஞ்சம் படிப்பிச்சு உடுங்க. உழைச்சுக் களைச்சுப் போனன்."

கணபதிப்பிள்ளை கேட்பதும் எப்போதும் ஒரே கேள்வி. "எல்லாம் சரி. யன்னல் வைச்ச மேசன்மாருக்குத் தகப்பன் என்ன செய்தவன்?"

"அது சொல்லேல்லை."

"சொல்லாயினம். மேசன்ர கதையை ஆர் எழுதுறது?"

எல்லோரும் சிரிப்போம். அங்கே ஒரு குழி செத்ததோ உயிரோடோ தெரியாமல் கிடக்கும், நாங்கள் இங்கே சிரித்துக்கொண்டிருப்போம். பிறகு சித்திரவதை வரும். பகலில் கிழித்த உடம்பு இரவில் ஆறிவிடும், சுடக் கொண்டுவந்த தீவட்டிகள் அவள் கிட்ட வந்ததும் அணையும். கடைசியில் தகப்பனே மகளின் தலையை வெட்டுவான். வெட்டிவிட்டு மலையால் இறங்கி வரும்போது வானத்திலிருந்து இடி விழுந்து, அவன் நின்ற இடத்தில் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சும். அப்போது கங்காணியார் சிலுவை போடுவார், எழும்புவார். இருபது வருடத்தில் ஏழெட்டுத் தரமாவது இப்படி நடந்திருக்கும். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லாம் பார்பரம்மாளின் காவல் என்று நாங்கள் நம்பினோம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் பங்குக் கோயிலுக்கு அப்போது புதிதாக ஒரு இளம் சுவாமியார் வந்திருந்தார். நன்றாகப் படித்தவர், நல்ல மனது. பூசையில் பிரசங்கம் வைக்கும்போது, ரோமாபுரியில் திருநாள் அட்டவணையைத் திருத்தியிருக்கிறார்கள் என்றார். மிகப் பழைய காலத்து அர்ச்சியசிஷ்டவர்கள் சிலருடைய சரித்திரத்துக்குப் போதிய சான்று இல்லாதபடியால், அவர்களின் திருநாளைப் பொது அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பேர்களை வாசித்தார். பார்பரம்மாள் என்ற பேரும் வந்தது.

என் பக்கத்தில் இருந்த கங்காணியாரைத் திரும்பிப் பார்த்தேன். ஆள் அசையவில்லை. ஆனால் முழங்காலில் வைத்திருந்த கை, பிடிக்க ஏதோ தேடுகிறமாதிரித் திறந்து திறந்து மூடியது.

பூசை முடிந்ததும் நேரே சுவாமியாரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"சுவாமி, பார்பரம்மாள் இல்லையோ?"

"இல்லையெண்டு சொல்லேல்லை, சந்தியாப்பிள்ளை. அவ இருந்திருக்கலாம். வேதசாட்சியாயும் செத்திருக்கலாம். அந்தப் பேருக்குப் பழைய வணக்கம் இருக்கு."

"கோபுரம்?"

"கோபுரம், யன்னல், பாறை, இடி, அதெல்லாம் நூற்றுக்கணக்கான வருசத்துக்குப் பிறகு ஆரோ எழுதினது. பக்தியிலே எழுதினது. நடந்ததெண்டு சொல்ல எங்களிட்டை ஒண்டும் இல்லை."

"நான் முப்பது வருசமாச் சொல்லி வாறன், சுவாமி."

"அதிலே பாவம் ஒண்டும் இல்லை. இனியும் அவவை மன்றாடுங்கோ. நடந்த சரித்திரம் எண்டு மட்டும் ஆக்களுக்குச் சொல்லாதையுங்கோ."

சுவாமியார் அவருடைய தோளைத் தொட்டுத்தான் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பிறகு சிலர் சுவாமியார்மேல் பழி போட்டார்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பி நடக்கும்போது கங்காணியார் எனக்கு முன்னால் போனார். சந்தி வந்ததும் நின்றார். "சூசை" என்று என்னைக் கூப்பிட்டார். "அண்டைக்குக் கணபதி ரெண்டு வெடி சேந்திருக்கும் எண்டு சொன்னநேரம் நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இருந்தது.

"காணாததைக் கண்டனெண்டு சொல்லாதை எண்டு சொன்னனான்" என்று தானே சொல்லிக்கொண்டு போனார்.

மார்கழி நாலாம் திகதி பார்பரம்மாள் திருநாளில் உளி சம்மட்டி வைக்கிற ஆயுதக் கொட்டிலில் இருக்கும் அவளுடைய படத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் மெழுகுதிரி கொளுத்துவோம். அந்த வருடம் கங்காணியார் கொளுத்தவில்லை. படத்தைக் கழற்றவும் இல்லை. மீரா காக்காதான் ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். "வேணாம் மீரா" என்று கங்காணியார் சொன்னதும் அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு அது நடந்தது. மாரி மழை விட்டு விட்டுப் பெய்தது. விடியப் பன்னிரண்டு குழிக்கு மருந்து இறக்கினோம். மருந்து இறக்கி முடிய ஒரு மழை கொட்டியது. மேலே சாக்குப் போட்டு மூடினோம். ஆனால் பாறை வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? மீரா காக்கா அன்று வேலைக்கு வரவில்லை. மழையால் கிண்ணியாத் துறையில் தோணி விடவில்லை. அவர் மட்டும் வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

கொளுத்தினோம், நடந்து வந்தோம், எண்ணினோம். கங்காணியார் என்னைப் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினொண்டு."

"நானும் பதினொண்டு. கணபதி?"

"பதினொண்டு."

எல்லோரும் பாறைக்குப் பின்னால் வந்து குந்தினோம். நான் ஒரு பீடி பற்றவைத்தேன். கங்காணியார் வழக்கம்போல நடுவில் இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"பார்பரம்மாள் எண்டு ஒரு பிள்ளை..." என்று தொடங்கி நிறுத்தினார். "இருந்திருக்கலாம்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தகப்பன் இருந்திருப்பான். எல்லாருக்கும் தகப்பன் இருக்குத்தானே. கோபுரம்..." ஒரு கல்லுத் துண்டை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார். "கோபுரம் தெரியாது. யன்னல் தெரியாது. அவ வேதத்துக்காகச் செத்திருக்கலாம். அவ எங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும்."

அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது.

எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்தப் பார்வையைத் தாங்க ஏலவில்லை என்று நினைக்கிறேன். சொல்ல ஒன்றும் மிஞ்சாத மனிதன் அத்தனை பேர் நடுவில் எப்படி இருப்பான்? முப்பது வருடமாகக் கதை முடிந்தால் எழும்பிப் பழகிய உடம்பு அது. சிலுவை அடையாளம் போட்டார். எழும்பினார்.

என் கையில் இருந்த பீடியில் அரைவாசிகூட எரியவில்லை. அதை நான் பார்த்தேன். இது போதாது, ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன பிழை என்றுதான் தெரியவில்லை. 'பொறுங்கோ கங்காணியார்' என்ற இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்தது. என் வாழ்நாளில் அவரை நான் மறித்துப் பேசியதில்லை. எல்லோருக்கும் முன்னால், அதுவும் அவர் அவமானப்பட்டு நிற்கிற நேரத்தில், எப்படிச் சொல்வது என்று கூச்சம். கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. இதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை வருடமாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

அவர் ஆறுதலாக நடந்து போனார். ஒவ்வொரு குழியாகப் பார்த்து, ஏழாவதில் குனிந்தார்.

அதை எழுதமாட்டேன்.

காரியாலயத்தில் விசாரணை நடந்தது. எஞ்சினியர் ஐயா யாழ்ப்பாணத்தார், நியாயமான மனிதர். சுவரில் தொங்கிய இங்கிலீசுப் பலகையைக் காட்டி, வெடிக்காத குழிக்கு அரைமணித்தியாலம் கழியாமல் கிட்டப் போகக் கூடாது என்று இதில் எழுதியிருக்கிறதே, தெரியாதா என்று கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"வழமையா எவ்வளவு நேரம் பொறுப்பியள்?"

கணபதிப்பிள்ளை சொன்னான், "கதை முடியுமட்டும், ஐயா."

"என்ன கதை?"

"பார்பரம்மாள் கதை."

ஐயாவுக்கு முகம் சிவந்தது. "ஒரு மனிசன் செத்துப்போனான். நான் பகிடிக்குக் கேக்கேல்லை."

"நாங்களும் பகிடிக்குச் சொல்லேல்லை ஐயா" என்றார் மீரா காக்கா. "மணிக்கூடு ஒருத்தரும் பாத்ததில்ல. கதை முடிஞ்சா எழும்புறது. அவ்வளவுதான்."

"கதை எவ்வளவு நேரம்?"

இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. முழத்திரிக்கு நாலு மங்கள வார்த்தை என்பது அளவு என்று எங்களுக்குத் தெரியும். கதையும் ஒரு அளவுதான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கங்காணியாருக்கும் தோன்றவில்லை.

ஐயா கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆருக்கு முழுக்கத் தெரியும்? சொல்லுங்கோ."

மீரா காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முன்னால் வந்து நின்று, கங்காணியார் சொல்கிற அதே நிதானத்தில், ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினார். தகப்பன், கோபுரம், பூட்டு, மகள் சாளரத்தால் நட்சத்திரங்களைப் பார்த்து இவைகளைப் படைத்தவர் யார் என்று யோசித்தது, எல்லாம் வந்தது. தட்டெழுத்துக்காரர் கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஐயா என் பக்கம் திரும்பி, "சூசை, அண்டைக்கு அவர் குந்தினதிலை இருந்து வெடி கேக்குமட்டும் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

பீடியைச் சொன்னேன். அவர் நடந்த தூரத்தையும் ஒவ்வொரு குழியாகப் பார்த்ததையும் சொன்னேன். ஐயா மனதுக்குள் கணக்குப் பார்த்து, மணிக்கூட்டைத் தொட்டு, "அப்ப, இவர் தொடங்கினதிலை இருந்து இப்ப வரைக்கும் ஓடின இந்தளவு நேரம்" என்றார்.

அந்த நேரம் மீரா காக்காவின் கதையில் மேசன்மார் மூன்றாம் யன்னலுக்குச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணியார் செத்த நேரத்தில் பார்பரம்மாள் இன்னும் கோபுரத்தை விட்டு இறங்கவே இல்லை. கதை முழுக்கச் சொல்லியிருந்தால், அந்தக் குழி வெடித்த நேரம் நாங்கள் எல்லோரும் பாறைக்குப் பின்னால் குந்தி, மேசன்மாருக்கு என்ன நடந்தது என்று கணபதி கேட்கப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்போம். வெடிச்சத்தம் கேட்டு, 'பன்னிரண்டு' என்று கங்காணியார் எண்ணியிருப்பார்.

மீரா காக்கா ஒருவரும் நிறுத்தாதபடியால் கடைசிவரை சொன்னார். இடி விழுந்து சாம்பல் ஆனதும் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். முப்பத்தாறு நிமிடம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் அறிக்கையிலை எப்பிடி எழுதுறது?" என்றார். "கதை கட்டையாப் போச்செண்டு எழுதினா மேலிடத்திலை எனக்கு விசர் எண்டு சொல்லுவாங்கள்." அதனால் அவசரம் என்று எழுதினார். நாங்கள் கையொப்பம் வைத்தோம். நானும் வைத்தேன். அந்தக் கோப்பைத்தான் போன மாதம் வாசித்தார்கள்.

கங்காணியாரின் அடக்கமும் விசாரணையும் முடிந்த அடுத்த நாள் சுவாமியார் வேலைத்தளத்துக்கு வந்தார். கதை நேரத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். வெறும் பெட்டி ஒன்றில் இருந்துகொண்டு, "சூசை, அந்தக் கதை எதுக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"எங்களுக்கும் தெரியாது சுவாமி."

"நான் பொய் சொல்லேல்லை."

"ஓம் சுவாமி."

"அவரும் சொல்லேல்லை" என்றார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு சுவாமியார் அப்படி அழுவதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

என்னைக் கங்காணியாகப் போட்டார்கள். ஐயா பாறைக்குப் பின்னால் தெரிகிற கொட்டில் சுவரில் ஒரு பெரிய மணிக்கூட்டை மாட்டினார். பலகையில் இருந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டார். நல்ல காரியம்தான்.

ஆனால் அடுத்தமுறை ஒரு குழி வெடிக்காமல் போனபோது, அரைமணித்தியாலம் என்பது எவ்வளவு நீளம் என்று கண்டேன். மணிக்கூட்டை ஒருவன் மாறி ஒருவன் போய்ப் பார்த்தான். கணபதிப்பிள்ளை இரண்டுதரம் எழும்பி நின்று எட்டிப் பார்த்தான். "இது ஓடுதோ, நிக்குதோ?" என்றான். எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோருடைய காலும் அரித்தது. போகவேண்டியவன் நான். என் காலும்தான் அரித்தது, போய் முடித்துவிட்டால் இந்தப் பயமாவது முடியும் என்று. ஆட்கள் ஏன் செத்துப்போகிறார்கள் என்று அப்போது விளங்கியது.

நான் வாய் திறந்தேன்.

"இது நடந்ததோ தெரியாது" என்றேன். "எங்களுக்கு இப்பிடித்தான் சொன்னவை."

இந்தச் சின்ன வசனத்தைத்தான் கங்காணியாருக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. பொய் சொல்லாமல் முழுக் கதையையும் சொல்ல அது போதும். எனக்கும் காலம் கடந்துதான் வந்தது.

கணபதி குந்திவிட்டான். கோபுரம் வந்தது, யன்னல் வந்தது. மேசன்மாரைப் பற்றி அவன் கேட்டான், அது சொல்லவில்லை என்றேன். பாறை பிளந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் எனக்கு வேர்த்துக் கொட்டியது. எப்படியோ இடி விழுகிற இடம்வரை வந்து சேர்ந்தேன். மணிக்கூட்டில் அரைமணித்தியாலம் கடந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

"குந்து" என்றார் மீரா காக்கா.

"ஏன் காக்கா? நேரம் சரிதானே."

"நேரம் கிடக்கட்டும். ஆடுகள உட்டுட்டாய்."

உண்மைதான். மலையுச்சியில் ஒளிந்திருந்த பார்பரம்மாளைத் தகப்பன் தேடி வரும்போது இரண்டு இடையர் நிற்பார்கள். ஒருவன் கண்டும் காணவில்லை என்பான். மற்றவன் வாயால் ஒன்றும் சொல்லாமல் விரலால் மட்டும் காட்டிக்கொடுப்பான். அவனுடைய ஆடுகளுக்கு ஒன்று நடக்கும். பார்க்கிற கண்களுக்குப் பயந்து அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

மீரா காக்கா நான் இடுப்பில் கட்டியிருந்த சறத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவில்லை.

குந்தினேன். இரண்டு இடையரையும் சொன்னேன். நீட்டின விரலைச் சொன்னேன். ஆடுகள் ஒவ்வொன்றாக வெட்டுக்கிளியாகி, மலை முழுக்க எழும்பிப் பறந்ததைச் சொன்னேன். கடைசி ஆடு பறந்து முடியுமட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சறத்தை விட்டார்.

"இப்ப போயிட்டு வா" என்றார்.